காணாமல் போகாத கோப்பை

எங்கள் அண்ணி வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வெகுநாளாக ஒரு திருடி இருந்தாளாம். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லையாம். போலீஸ் வந்து துழாவியும் ஆள் அகப்படவில்லையாம். கடைசியில் அண்ணி முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, செலோடேப்பை ஒட்டி உரித்தெடுத்து, கட்டைவிரல் ரேகையை வைத்தே பிடித்துவிட்டாராம். யாரை? தினமும் அந்தப் பள்ளியைப் பெருக்கித் துடைக்கிற ஆயாவை.

சித்தப்பா தொலைபேசியில் இதைச் சொன்னபோது மூச்சு வாங்கினார். அவ்வளவு பெருமை.

"போலீஸ் நாயே மோந்து பாத்துட்டு வாலை ஆட்டிட்டுப் போயிருச்சாம்பா. உங்க அண்ணி விடலையே! டிவிக்காரன் வரப்போறானாம். நம்ம குடும்பத்துல யாரு இதுவரைக்கும் டிவியில வந்திருக்கா, சொல்லு?"

"உங்களுக்கு யார் சொன்னது சித்தப்பா?"

"உங்க சித்தியோட நடக்கப் போற அம்மா ஒருத்தங்க. அவங்க பேத்தி அங்கதான் படிக்குது. கண்ணால பாத்த பிள்ளை சொல்லுது, அப்புறம் என்ன?"

"நாயையும் கண்ணால பாத்துச்சா?"

"நாய் வந்தா என்ன, வராட்டி என்ன? திருடி மாட்டினாளா இல்லையா? வெளிநாட்டுல போய் உக்காந்துக்கிட்டா எல்லாத்துலயும் சந்தேகம் வந்துரும் உங்களுக்கு" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

அந்தக் கதையில் பவுடர் உண்மை. செலோடேப் உண்மை. கட்டைவிரல் உண்மை, ஆயாவும் உண்மை. திருட்டு மட்டும் நடக்கவில்லை. அண்ணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது. ஏனென்றால் முதல் இரண்டு தடவை கூப்பிட்டபோது, "நல்லா இருக்கேன் தம்பி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். நல்லா இருக்கிறவர்கள் அவ்வளவு சுருக்கமாகப் பேசுவதில்லை.

அண்ணியைப் பிள்ளைகள் பவுடர் டீச்சர் என்பார்கள். அவர் தன் முகத்துக்குப் பவுடர் போட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய கைப்பையில் ஒரு பவுடர் டப்பா, பென்சில் முனையைச் சீவி இழைத்த கரித்தூள் ஒரு சின்ன டப்பியில், அகலமான செலோடேப் ஒன்று, உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவாக வெட்டிய கறுப்பு அட்டைகள், இவ்வளவும் எப்போதும் இருக்கும். வீட்டுச் சாவி சில நாள் இருக்காது. ஒருமுறை என்னிடம், "உங்க ஊர்ல நல்ல மேக்கப் பிரஷ் கிடைக்குமாமே, மயிர் உதிராத பிரஷ், ஒண்ணு அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். அண்ணனுக்கு அதைக் கண்டதும் ஒரே சந்தோஷம், பெண்டாட்டிக்கு இப்போதாவது அலங்கார ஆசை வந்ததே என்று. அதை வைத்து அண்ணி குளிர்பெட்டியின் கைப்பிடியில் பவுடர் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தபிறகுதான் சந்தோஷம் அடங்கியது.

அண்ணி வேதியியல் படித்தவர். படிப்பு முடிந்த கையோடு அரசாங்கத் தடய அறிவியல் ஆய்வகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அங்கே அவர் செய்ததெல்லாம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்ததும், காவல் நிலையங்களிலிருந்து வந்த பொட்டலங்களுக்கு எண் ஒட்டியதும்தான். ஆனால் அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரலே வேறாகிவிடும். ஒரு சட்டைப் பொத்தான், ஒரு பல் துண்டு, காரின் முன்விளக்குச் சில்லு என்று வருமாம். "அங்க யாரும் கத்த மாட்டாங்க தம்பி. பொருள் பேசும், மனுஷன் வாயை மூடிக்கிட்டுக் கேப்பான். உலகத்துல அப்படி ஒரு இடம் எனக்கு வேற தெரியல" என்பார்.

வேலை நிரந்தரமாகவில்லை. கல்யாணப் பேச்சின்போது, பெண் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள் என்று மட்டும் சொல்லி, என்ன ஆய்வகம் என்பதை அவர் வீட்டில் மென்று விழுங்கிவிட்டார்கள். பிறகு விஷயம் தெரிந்ததும் எங்கள் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அந்தக் கையாலயா இத்தனை நாளா சமைச்சே?" அண்ணி, "சோப்புப் போட்டுக் கழுவினேன் அத்தை" என்றார். அம்மா செத்துப்போகும்வரை அந்தப் பதிலை மன்னிக்கவில்லை.

ஆய்வகம் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தபிறகு இந்தப் பள்ளியில் சேர்ந்தார். பெரிய சாலையோரம் மூன்று மாடிக் கட்டடம். பஸ் போனால் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். அறிவியல் அறையில் நான்கு மேசைகள், நான்கு குழாய்கள். தண்ணீர் வருவது ஒன்றில்தான். பல வருடம் புத்தகத்தில் இருப்பதைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி, பிறகு அதையே பரீட்சையில் எழுதி, அதை அண்ணி திருத்தி என்று ஒரே வாக்கியம் நான்கு கை மாறிக்கொண்டிருந்தது. எப்போது சலித்தது என்று தெரியவில்லை. ஒருநாள் தாளாளரிடம் போய், கடைசி மணிக்குப் பிறகு விருப்பமுள்ள பிள்ளைகளை வைத்துத் தடய அறிவியல் மன்றம் ஒன்று நடத்தட்டுமா என்று கேட்டார். அந்தப் பள்ளியின் முதலாளியும் முடிவெடுப்பவரும் தாளாளர்தான். "செலவு உண்டா?" என்றார். "செலோடேப்தான் சார்." "அப்ப நடத்துங்க."

மன்றம் பிய்த்துக்கொண்டு போனது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வடிதாளில் புள்ளி வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் கறுப்பு கலைந்து ஊதாவும் மஞ்சளும் நீலமுமாக ஏறும். எந்தப் பேனா எப்படிக் கலையும் என்று தெரிந்துவிட்டால், எழுதியது யார் பேனா என்று சொல்லிவிடலாம். ஈர மண்ணில் பதிந்த செருப்புத் தடத்தில் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் அடிப்பாகத்தை அப்படியே பெயர்த்தெடுப்பார்கள். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து, ஒரு சாண், ஒரு முழம், ஒரு மீட்டர் என்று வெவ்வேறு உயரத்திலிருந்து சொட்டவிட்டு, விழுந்த வட்டங்களை அளப்பார்கள். ஒரு தகப்பனார் மகளைக் கூட்டிப்போக வந்து, கதவைத் திறந்தவர், தரை முழுக்கச் சிவப்பைக் கண்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மிதிச்சுடாதீங்கப்பா, அது ஒரு மீட்டர்ல இருந்து விழுந்த ரத்தம்" என்றதாம்.

இதையெல்லாம் கழுவித் துடைத்தது ஆயா. அவர் அண்ணியைவிட இளையவர். வேலைதான் அவருக்கு அந்தப் பெயரையும் வயதையும் கொடுத்திருந்தது. "டீச்சர், அடுத்த கொலை என்னைக்கு? முன்னாடியே சொல்லிருங்க, ரெண்டு வாளி தண்ணி புடிச்சு வைக்கணும்" என்பார்.

ஆண்டுதோறும் மன்றத்தின் பெரிய வேலை ஒரு பொய்த் திருட்டு. ஏதாவது ஒரு பொருள் 'காணாமல் போகும்'. பிள்ளைகள் கயிறு கட்டி இடத்தை மறித்து, படம் வரைந்து, தடயம் சேகரித்து, சந்தேகப்படுகிறவர்களின் ரேகையோடு ஒப்பிட்டு, ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். யார் 'திருடர்' என்பது பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. முதல் வருடம் அண்ணியே திருடர். அவருடைய செருப்புத் தடத்தைப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்து விளையாட்டு ஆசிரியர் ஒத்துக்கொண்டார். அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டதால் இந்த வருடம் ஆள் தேவைப்பட்டது.

ஆசிரியர்கள் அறையில் அண்ணி கேட்டுப் பார்த்தார். கணக்கு வாத்தியார் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "என் ரேகையைப் பிள்ளைங்க கையில குடுத்தா, நாளைக்கு என் வீட்டை எழுதி வாங்கிருவானுங்க" என்றார். இன்னொரு டீச்சர், "விளையாட்டுக்குன்னாலும் திருடின்னு பேர் எடுக்கணுமா? எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்தா அவ்வளவுதான்" என்றார். ஆயா அப்போது தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆயாவைக் கேளுங்களேன் டீச்சர்" என்றார் கணக்கு வாத்தியார். "வேஷப் பொருத்தம் கச்சிதமா இருக்கும்."

அறையே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். அதை என்னிடம் சொல்லும்போது, "சத்தம் போட்டுச் சிரிக்கல தம்பி" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆயா தட்டைத் தூக்கிக்கொண்டு, "எடுத்ததைத் திருப்பிக் குடுத்துடணும்ல டீச்சர்? அப்ப சரி, எடுக்கறேன்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

எடுக்க வேண்டிய பொருள், தாளாளர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில் இருந்த வெள்ளி முலாம் பூசிய விளையாட்டுக் கோப்பை. ஒரு மாலை, பிள்ளைகள் போனபிறகு, அண்ணியும் ஆயாவும் அலமாரி முன்னால் நின்றார்கள். ஆயா கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தார். பவுடர் போட்டால் ஒன்றும் எழும்பவில்லை, வெறும் மங்கல். வருடக்கணக்காகப் பினாயிலும் ஆசிடும் தின்ற விரல். அண்ணி, "மூக்கு ஓரத்துல ஒருதடவை தேய்ச்சுட்டு வைங்க, எண்ணெய்ப் பசை இருந்தாத்தான் பதியும்" என்றார். தேய்த்து வைத்தார். இல்லை. தலைமுடியில் தேய்த்து வைத்தார். மங்கலாகச் சில கோடுகள். "என்ன டீச்சர், திருடறதுக்குக்கூட இவ்வளவு பாடுபடணுமா?" என்று ஆயா சிரித்தார். வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு பழைய வெட்டு இருந்தது, உடைந்த பாட்டிலைப் பொறுக்கும்போது கிழித்தது. கடைசியில் அந்த வெட்டுத்தான் பளிச்சென்று பதிந்தது. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஓர் அடையாளம் பாடப் புத்தகத்தில்கூடக் கிடைக்காது.

கோப்பையைத் துண்டில் சுற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனார்.

பிள்ளைகள் பிரமாதமாகச் செய்தார்கள். கண்ணாடியிலிருந்து உரித்த ரேகை கறுப்பு அட்டையில் வெள்ளையாகவும், மைத்திண்டில் வைத்து எடுத்தது வெள்ளைத் தாளில் கறுப்பாகவும் இருந்ததால் முதலில் குழம்பினார்கள். "வெள்ளையும் கறுப்பும் எப்படி மிஸ் ஒண்ணாகும்?" என்று கேட்டவளே, குறுக்கு வெட்டைக் கண்டுபிடித்ததும் மேசைமேல் ஏறிவிட்டாள். காவலாளி, தோட்டக்காரர், ஆயா, அலுவலகப் பையன் என்று நான்கு பேரின் ரேகைகள்தான் சந்தேகப் பட்டியலில் இருந்தன. ஆசிரியர்கள் யாரும் விரல் கொடுக்கவில்லை. தாளாளரிடம் கேட்க அண்ணிக்கே நாக்கு எழவில்லை. நான் அதைக் குறிப்பிட்டதும் அண்ணி, "ஆமா. அதையும் பிள்ளைங்க கத்துக்கிட்டிருக்கும்" என்றார்.

அடுத்தநாள் கண்காட்சி. பெற்றோர் வருவார்கள். பிள்ளைகள் பெரிய அட்டை தயாரித்தார்கள்: நடுவில் கட்டைவிரல் ரேகை பெரிதாக்கி, பக்கத்தில் ஆயா சிரித்துக்கொண்டு நிற்கும் படம், மேலே சிவப்பில் 'குற்றவாளி'. அண்ணி மன்றத்தில் முதல்நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. ரேகை சொல்வது 'தொட்டார்' என்பதை மட்டும்தான். 'எடுத்தார்' என்று அது சொல்லாது. அந்தச் சொல்லைக் கண்டதும் திருத்தத்தான் நினைத்தார். எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. இருட்டத் தொடங்கிவிட்டது, பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கே தெரியும் இது விளையாட்டு என்று. இதற்குப் போய் ஒரு அட்டையை வீணாக்க வேண்டுமா என்று விட்டுவிட்டார்.

கண்காட்சியில் ஆயாதான் நாயகி. பிள்ளைகள், "ஆயா, கட்டைவிரலைக் காட்டுங்க" என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவரும் விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். இத்தனை வருடத்தில் அந்தப் பள்ளியில் யாரும் அவரை நிமிர்ந்து பார்த்துப் படம் எடுத்ததில்லை. அன்றைக்கு எடுத்தார்கள்.

அந்தப் படங்கள்தான் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் ஏறின. கண்காட்சிக்கு வராத ஒருவர், 'திருடியைப் பிடித்தும் ஏன் இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள்?' என்று கேட்டார். அவ்வளவுதான்.

தாளாளர் அண்ணியைக் கூப்பிட்டார். கோப்பை அலமாரியில் பழைய இடத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரியும் டீச்சர், ஒண்ணும் காணாம போகல. உங்களுக்கும் தெரியும். ஆனா ஊர்வாயை எந்த மூடி போட்டு மூடுவீங்க?"

"ஒரே வரி போடுங்க சார். அது பாடம், எதுவும் திருடு போகலன்னு."

போட்டார். பள்ளி மூடி மறைக்கிறது என்று பதில் வந்தது. பிறகு ஒரு தாய், போன வருடம் தன் மகனின் தண்ணீர் பாட்டில் தொலைந்ததை நினைவுபடுத்தினார். இன்னொருவருக்குக் கைக்கடிகாரம். சாப்பாட்டு டப்பா, ஜியாமெட்ரி பாக்ஸ், ஸ்வெட்டர். யாரோ ஒரு பிள்ளையின் இடதுகால் ஷூகூட ஆயாவின் தலையில் ஏறியது. ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆயா பள்ளியின் ஆள் இல்லை. துப்புரவு ஒப்பந்தக்காரரின் ஆள். தாளாளர் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னார். ஒப்பந்தக்காரர் ஆயாவிடம், "வேற இடத்துல போடறேன், கொஞ்சநாள் வீட்ல இரு" என்றார். வேறு இடம் வரவில்லை. ஆயா கேட்டபோது, "ரேகையே மாட்டிக்கிச்சே, அதுக்கு மேல நான் என்னத்தைப் பேசறது?" என்றாராம்.

அண்ணி சும்மா இருக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். "இதுதான் அந்தக் கோப்பை. இதை எடுத்தது நான். துண்டுல சுத்தி என் பையில வச்சிருந்தேன்" என்று ஆரம்பித்தார். கோப்பையைக் கண்டதுமே அரங்கம் கை தட்டிவிட்டது. மீட்டுவிட்டார் என்று நினைத்தார்கள். கைதட்டல் அடங்கினபிறகு மறுபடி முதலிலிருந்து சொன்னார். முன்வரிசையில் ஒரு தகப்பனார், வழக்கறிஞர், எழுந்து நின்றார்.

"டீச்சர், உங்களுக்குப் பெரிய மனசு. ஏழை மேல இரக்கப்படறீங்க, புரியுது. ஆனா ரேகை பொய் சொல்லாதுன்னு என் பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?"

"ரேகை பொய் சொல்லாது சார். தொட்டாங்கன்னு சொல்லுது. தொடச் சொன்னது நான்."

"தொடறவங்கதானே டீச்சர் எடுக்கவும் முடியும்?"

அதற்கும் கை தட்டினார்கள். அண்ணி இறங்கி வந்தபோது ஒரு தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி இளகின மனசு இந்தக் காலத்துல யாருக்கு வரும்?" என்றார். அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர், "நீ வாயைத் தொறக்கத் தொறக்க அந்தப் பொம்பளை இன்னும் ஆழமா மாட்டிக்கிறா, விட்டுத் தொலை" என்றார். அவர் சொன்னதில் அண்ணியைக் கொன்றது, அது சரியாக இருந்ததுதான்.

பிறகு அண்ணி ஆயா வீட்டைத் தேடிப் போனார். தையல்கடை மேலே ஒற்றை அறை. கீழிருந்து இயந்திரங்களின் சத்தம் தரை வழியாக ஏறி வரும். கதவைத் திறந்தது ஆயாவின் தங்கை. "அக்கா, போலீஸ்கார அம்மா வந்திருக்காங்க. கையை நீட்டிக்கிட்டு வா" என்றாள்.

ஆயா, "சும்மா இருடி" என்று அவளை அடக்கிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். அண்ணி உட்கார்ந்தார்.

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க திருடலன்னு மேடையிலயே சொன்னேன்."

"கேள்விப்பட்டேன் டீச்சர்." ஆயாவின் குரலில் கோபம்கூட இல்லை. "ஆனா அதுக்கு முன்னாடி, நான் திருடலன்னு யாரும் சொல்ல வேண்டிய தேவையே இல்லாம இருந்துச்சு."

தங்கை, "பாவம் ஓரிடம், பழி ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க? பாவம் பண்ணினவங்க நாற்காலியில உக்காந்திருக்காங்க" என்றாள். இந்தமுறை ஆயா அவளை அடக்கவில்லை.

ஆயா வேலை தேடிப் பல இடம் போயிருக்கிறார். ஒப்பந்தக்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சிலர் கைபேசியில் அந்தப் படத்தையே எடுத்துக் காட்டினார்களாம், "இது நீதானே?" என்று. கடைசியாக ஒரு மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் முழுக்கதையையும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "நீ சொல்றது நிஜம்னா அந்த டீச்சரே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் போட்டுக்கறேன். நோயாளிங்க பொருள் கிடக்கிற இடம், நான் பதில் சொல்லணும்ல?" என்றாராம்.

"உங்க நம்பரைக் குடுத்திருக்கேன் டீச்சர். நாளைக்குக் காலையில கூப்பிடறேன்னார். நாளைக்கே ஆள் போடணுமாம். நீங்க பேசினா நான், இல்லாட்டி வேற ஆள்."

"ஒரு வார்த்தை என்ன, எல்லாத்தையும் சொல்றேன்" என்றார் அண்ணி.

"எல்லாம் வேணாம் டீச்சர். நீங்க எல்லாத்தையும் சொன்னா கை தட்டிருவாங்க. ஒரு வார்த்தை போதும்."

அண்ணியின் பிழை, அன்று சாயந்திரமே இதைத் தாளாளரிடம் சொன்னது. தாளாளரும் இரண்டு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் மருத்துவமனைக்காரருக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தாராம். ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நோய் உண்டுபோல. ஒரு சாட்சிக்கு இரண்டு சாட்சி இருந்தால் நல்லது என்று நினைப்பார்கள்.

தாளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "யோசிச்சுப் பாருங்க டீச்சர். எல்லாம் விளையாட்டுன்னு நீங்க சொல்வீங்க. அவர் உடனே என்ன கேப்பார்? அப்ப ஏன் ஸ்கூல்ல நிப்பாட்டினாங்கன்னு கேப்பார். அதுக்கு என்ன சொல்வீங்க?"

"உண்மையைச் சொல்வேன் சார்."

"அந்த உண்மை என் தலையில வந்து விழும். டிவிக்காரங்க நாளைக்கு வர்றாங்க. அடுத்த வருஷ அட்மிஷனுக்கு உங்க மன்றம்தான் விளம்பரம். அது கெட்டா மன்றம் கிடையாது. மன்றம் இல்லாம உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? யார் கேட்டாலும், ஆபீஸ்ல கேளுங்கன்னு சொல்லிட்டு வச்சுருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மறுநாள் காலை அண்ணியே என்னைக் கூப்பிட்டார், அறிவியல் அறைக் கணினியிலிருந்து, வீடியோவில். அவருக்கு அது வகுப்பு இல்லாத நேரம். இவ்வளவையும் அப்போதுதான் முழுசாகச் சொன்னார். பின்னால் திறந்த கதவு வழியாக நடைவழி தெரிந்தது. அங்கே டிவிக்காரர்கள் விளக்குகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தாளாளர் வெள்ளைச் சட்டையில் கண்ணாடி அலமாரியைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணியின் கைபேசி மேசைமேல் மல்லாந்து கிடந்தது.

"அண்ணன் என்ன சொல்றார்?"

"உண்மையைப் பேசிட்டு வீட்ல வந்து உக்காரப்போறியான்னார். கடன் அவர் பேர்லதான் இருக்கு தம்பி, பயப்படறார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கென்ன வயசா ஆயிருச்சு? வேற ஸ்கூல் கிடைக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "கிடைக்குமா தம்பி? இந்தப் பாடத்தை வேற எங்க நடத்தவிடுவாங்க? இந்தப் பிள்ளைங்க இன்னைக்கு ஒரு பொட்டு ரத்தத்தைப் பாத்து இத்தனை உயரம்னு சொல்லுதுங்க. அதை நான் எங்க போய் மறுபடி…"

"ஆயா?"

"அதான்" என்றார். "அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். தனியா இருந்தா என் கை பாட்டுக்குப் போனை அணைச்சுரும்னு."

கைபேசி அடித்தது. மேசை அதிர்வதில் அது கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது. அண்ணி எண்ணைப் பார்த்தார்.

"அவரா?"

"தெரியாத நம்பர். அவராத்தான் இருக்கும்."

"எடுங்க அண்ணி."

"எடுக்கறேன்."

எடுக்கவில்லை. நடைவழியிலிருந்து ஒருவர், "மேடம், ரெடியா? சார் முதல்ல பேசட்டும், அப்புறம் நீங்க" என்றார். தாளாளர் திரும்பி, அடிக்கிற கைபேசியையும் அண்ணியையும் பார்த்தார். சிரித்தார்.

மணி நின்றது. அண்ணி மூச்சை விட்டார். அது நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை; திரையில் அவர் முகம் சின்னதாகத்தான் தெரிந்தது.

"திருப்பிக் கூப்பிடுங்க அண்ணி. இப்பவே. ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தைதான்" என்றார். "அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் அவர் ஒரு கேள்வி கேப்பாரே தம்பி."

அதற்குள் மறுபடி அடித்தது. அதே எண். தாளாளர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். அண்ணி எழுந்து போய்க் கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்தார். கதவுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார். கைபேசி அடித்துக்கொண்டிருந்தது.